சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியவன்

இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. அந்த ஹெச்.ஆர். மேடம் என் பயோடேட்டாவின் ஓரத்தில் பென்சிலால் அதை எழுதி, என் பக்கம் திருப்பி வைத்து, "ஓகேவா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தலை தானாக ஆடிவிட்டது. ஓசூரில் பத்து வருஷம் சி.என்.சி. மெஷினில், ஆப்பரேட்டர் ஓட்டுவதற்கு முன்னால் டூல் மாட்டி அளவு வைத்துக் கொடுக்கும் செட்டராக நின்றவன் நான். ஒரு தொகையைச் சொல்லி, எதிரில் இருப்பவர் அதை அப்படியே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பழைய கம்பெனியில் வாங்கியது பத்தொன்பதாயிரம். அவர்கள் லைனை மூடி ரெண்டு மாசம் ஆகியிருந்தது. "அவங்க வாயால மொதல்ல சொல்லட்டும், அதுக்கு மேல ரெண்டு சேத்துக் கேளு, கூச்சப்படாத" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூச்சப்படாமல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஆர்டர் அடித்துத் தருகிறோம், வெளியே உட்காருங்கள் என்றார் மேடம்.

வெளியே வந்ததும் என் மனைவிக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் அவள் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பாள் என்று தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் அவள் அங்கேதான். ரெண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் இ.எஸ்.ஐ. கார்டில்தான் அத்தனை சிகிச்சையும் நடந்தது, கையிலிருந்து ஒரு பைசா கிடையாது. வேலை போனதும் அந்தக் கார்டுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் ஏதாவது ஒரு கம்பெனியில் என் பெயர் ஏற வேண்டும், இல்லையென்றால் சிகிச்சை நின்றுவிடும். அதனால்தான் ரெண்டு மாசமாக சிப்காட்டில் கேட் கேட்டாக நாயாய் அலைந்தேன். "கெடச்சிருச்சு, இருபத்து நாலரை" என்று கத்தினேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். "ஏங்க, இருபத்தோராயிரத்தைத் தாண்டினா கார்டு கெடையாதே" என்றாள்.

அட கடவுளே! மருந்தகத்து வரிசையில் மணிக்கணக்காக நின்று எல்லாச் சீட்டையும் வாங்கியவள் அவள், அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போனவனில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. வரம்புக்கு மேல் மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாக வரும், சரி. தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு அது ரெண்டு வாரம்கூடத் தாங்காது. முதல்வர் காப்பீட்டு வரம்பையோ என் சம்பளம் எப்போதோ தாண்டிவிட்டது, அரசு ஆஸ்பத்திரி மெஷினுக்கோ மாசக்கணக்கில் வரிசை. பேரம் பேசி ஜெயித்து, கட்டினவள் உயிருக்கே உலை வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். முட்டாள், முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடியும் அந்தக் கதவைத் தட்டினேன்.

"மேடம், சம்பளத்தைக் குறைங்க" என்றேன். அவர் அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், கன்னடம் கலந்துதான் பேசுவார். "யாக்ரீ? ஏன், என்ன ஆச்சு?" என்றார். இருபதாயிரத்து எண்ணூறு போதும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா, சர்ட்டிபிகேட் போலியா, யூனியன் அனுப்பின ஆளா என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. குறைத்துக் கேட்கிறவனை அவர் எங்கே பார்த்திருக்கப்போகிறார்? விஷயத்தைச் சொன்னேன். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றார். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு அது வராது என்று அவரே புரட்டிப் பார்த்துச் சொன்னார். செட்டர் கிரேடு தொடங்குவதே இருபத்து மூன்றில்தான், அதற்குக் கீழே போட முடியாது என்றார். "அப்ப ஆப்பரேட்டர்னு போடுங்க மேடம், செட்டர் வேலையும் செய்யறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, அந்த ஏ.சி. அறையில் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடைசியில், என் சொந்த விருப்பத்தின்பேரில்தான் குறைந்த கிரேடில் சேருகிறேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த செட்டர்களுக்கு அதுவே வினையாகிவிட்டது. "அவர் இதே வேலையை இருபதுக்குப் பண்றார்" என்று கம்பெனியில் அவர்களிடம் பேரம் பேசியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "உன் வூட்டுக் கஷ்டம் புரியுது. ஆனா எங்க வயித்துல ஏன்யா அடிக்கிற?" என்றார். பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வருஷா வருஷம் எல்லாரும் இன்கிரிமென்ட் கூட்டச் சொல்லி மேடம் அறைக்குப் போவார்கள், நான் வேண்டாம் என்று சொல்லப் போவேன். வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி, "இந்த வருஷமும் ஜெயிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்வாள். சில நாள் கேலி பாதியிலேயே நின்றுவிடும். "என்னால உங்க பொழப்பே போச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். "போடி, நீ இருந்தாப் போதும்" என்பேன். சத்தியமாக அது போதும் என்றுதான் இருந்தேன். அப்படி மூன்று வருஷம் ஓடியது.

இன்று முப்பத்தோராயிரம் வாங்குகிறேன். அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மேடம் கூப்பிட்டனுப்பினார். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்கூடக் கலங்கியிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "இனிமே உங்களுக்கு செட்டர் கிரேடு போட்டா பரவாயில்லை அல்லவா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார், அதில் சந்தேகமே இல்லை. பரவாயில்லை என்று சொன்னால் அவள் இல்லை என்பதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

"போடுங்க மேடம்" என்றேன். எவ்வளவு என்று கேட்கவில்லை.