சட்டைப் பையில் எலுமிச்சம்பழம்

என் சிநேகிதி எழுதிய முதல் நாவல் கூரியரில் வந்த அன்று எனக்கு வார விடுமுறை. காதல் கதை. எங்கள் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் நடக்கிறது என்று போனிலேயே சொல்லியிருந்தாள். உலை வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். நான் தேடியது காதலை இல்லை, என்னைத்தான்.

வல்லம் வடகால் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை என்று யாரும் அமையவில்லை. நான் வெடுக்கென்று பேசுகிறவள். புதிதாக வருகிறவர்கள் தள்ளியே உட்காருவார்கள். அவள் புத்தகத்திலாவது எனக்கு ஒரு மூலை இருக்கும் என்று ஆசையாக நம்பியிருந்தேன்.

பாதிப் புத்தகம் தாண்டியும் நாயகிக்கு ஒரு தோழிகூட வரவில்லை. அம்மா வந்தாள், சூப்பர்வைசர் வந்தார், கேன்டீன் பூனைகூட இரண்டு இடத்தில் வந்தது. பூனைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையா என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் நாயகனைக் கவனித்தேன். செம்பரம்பாக்கத்தில் ஏறுகிறான். பக்கத்து ஜன்னல் சீட்டில் சாப்பாட்டுப் பையைப் போட்டு, யார் கேட்டாலும் "ஆள் வராங்க" என்று முறைக்கிறான். தண்டலத்தில் நாயகி ஏறியதும் பையை எடுக்கிறான். பஸ் என்றாலே அவளுக்குக் குமட்டும். அதற்காகச் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறான். கம்பெனி கேட்டில் சோதனை போடும் செக்யூரிட்டி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மெஷினுக்கு திருஷ்டி சுத்திப் போடப் போறியா?" என்கிறார்.

எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னிடம் கேட்ட அதே கேள்வி அது. என் சிநேகிதிக்குச் சீட் பிடித்து வைத்ததும் நான், பழம் கொண்டுபோனதும் நான். இன்றைக்கும் அந்த பஸ்ஸில் அவள் உட்கார்ந்த ஜன்னலோரம் உட்கார எனக்கு மனசு வருவதில்லை.

உடனே போன் போட்டேன்.

"படிச்சிட்டியாடி? எப்டி கீது?"

"நல்லா கீது. அந்த ஹீரோ யாருடி?"

"ஐய, நீயுமா? என் வூட்டுக்காரரும் இதையேதான் கேக்குறாரு. யாருமில்லடி, சும்மா கற்பனை. அப்டி ஒரு ஆளு நெஜத்துல எங்க கெடைப்பான்?"

அவள் குரலில் துளிக் கள்ளம் இல்லை.

"ஹீரோயினுக்கு ஒரு ஃப்ரெண்டு கூடவா இல்ல?" என்றேன்.

"மொதல்ல வெச்சுதான் எழுதுனேன். அப்பறம் பாத்தா அவளுக்கு செய்ய ஒண்ணுமே இல்லடி. எல்லாத்தையும் அவனே செஞ்சிடுறான். அதான் தூக்கிட்டேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுடைய நாயகனுக்கு என் முகம் வந்துவிடும், ஆசை ஆசையாக எழுதியதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது. இத்தனை பிரியமாக என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை. எழுதியவளுக்கே அது தெரியவில்லை.

கடைசி அத்தியாயத்தில் நாயகி அவனையே கல்யாணம் கட்டிக்கொண்டு, அதே ஜன்னல் சீட்டில் வந்து உட்காருகிறாள்.

மறுநாள் செம்பரம்பாக்கத்தில் ஏறி, வழக்கம்போல ஜன்னல் சீட்டைக் காலியாக விட்டு நடைவழிப் பக்கம் உட்கார்ந்தேன். தண்டலத்தில் ஒரு பெண் ஏறிவந்து, கொஞ்சம் பயந்துகொண்டே, "அக்கா, ஜன்னலாண்ட ஆள் வராங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, யாரும் வரல" என்றேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு, நானே ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.