டிரைவர் இல்லாத வண்டி

பினாங்கில் காரைக் 'காடி' என்பார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் அங்கே குடும்பம் நடத்திய ஷரபுன்னிசாவின் நாக்கு அதற்கே பழகியிருந்தது. 1979-ல், தான் பிறந்த திருச்சிக்கே விசா வாங்கிக்கொண்டு வந்திருந்தவள், மன்னார்புரத்தில் வாடகைக் கார் ஷெட் வைத்திருந்த ஜெகபர் சாதிக்கிடம் போய், "பாய், ஒரு நாளைக்கு ஒரு காடி வேணும்" என்றாள்.

"காடியா? ஊறுகாய் போடவா? மளிகைக் கடையில கேளுங்கம்மா" என்றார் அவர்.

வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பிச்சை சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். "காருதான் பாய். டிரைவர் வேணாம். நானே ஓட்டிக்குவேன்" என்றதும் ஷெட்டில் சிரிப்பு நின்றது.

திருச்சியில் வாடகைக்கு வண்டி என்றால் டிரைவரும் சேர்த்துத்தான். பினாங்கில் கணவர் குத்புதீன் இறந்த பிறகு, கடைக்குச் சரக்கு எடுக்கத் தானே கார் ஓட்டிப் போய்வந்தவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனால் அவள் டிரைவர் வேண்டாம் என்றது அதனால் அல்ல. கமருன்னிசாவோடு அவள் தனியாகப் பேச வேண்டும்.

கமரு அவள் பெற்ற மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஷரபுன்னிசா, கப்பலேறும்போது குழந்தையைப் பிள்ளையில்லாத அக்கா ஹாஜிராவின் மடியில் விட்டுப் போனாள். 'உனக்கு இன்னொன்று பிறக்கும்' என்றார்கள். பிறக்கவில்லை. கமருவுக்கு அவள் 'பினாங்கு சின்னம்மா'. அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்ததும் கமரு துறையூருக்குப் போய்விடுவாள். பாலக்கரை வீட்டிலோ எந்நேரமும் ஆள். இவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தாலே ஹாஜிரா டீயோ வெற்றிலையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஜெகபர் சாதிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒருதரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவள் இடது கை கியரைத் தேடித் தரைப்பக்கம் போய் வெறும் காற்றைப் பிடித்தது. "கியர் மேல இருக்கும்மா, ஸ்டியரிங்லயே" என்று பிச்சை ஜன்னலுக்கு வெளியே கூவினார். திரும்பி வந்தபோது சாதிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஓட்டுறீங்க. ஆனா பொம்பள ஓட்டுறான்னு ஒருத்தனும் வழி விடமாட்டான். ஹாரன விட்டுக் கைய எடுக்காதீங்க."

"நான் என்னங்க பண்றது?" என்றார் பிச்சை.

"உங்க கூலி உங்களுக்கு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றாள் ஷரபுன்னிசா.

"பகல்ல படுத்தா எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவா."

பாலக்கரையில் ஹாஜிரா வாசல்வரை வந்து நின்றாள். தானும் வருவதாகச் சொல்லவில்லை, உள்ளேயும் போகவில்லை. கமரு பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னால வாயேம்மா."

"டிரைவர் பக்கத்துல பொம்பளப் புள்ள உக்காரக் கூடாது, சின்னம்மா."

"டிரைவரே நான்தானடி!"

கமரு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் எழுந்து வரவில்லை.

காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடம் என்று வண்டி போயிற்று. மகள் கண்ணாடியில் இரண்டு கண்களாக மட்டும் தெரிந்தாள். அம்பாசடரின் இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொல்கிற விஷயமா அது? டோல்கேட் தாண்டி, துறையூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தித் திரும்பினாள்.

"கமரு..."

"என்ன சின்னம்மா, வண்டி சூடாயிடுச்சா?"

"இல்லடா. நீ பொறந்த அன்னிக்கு..."

"தெரியுமே! ஒரே மழை, ஜட்கா கிடைக்கல. வலியோட ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாங்களாம் எங்கம்மா. நீங்கதான் கையப் புடிச்சிக்கிட்டு நடந்தீங்களாம். நடுரோட்டுல அம்மா உக்காந்துட்டாங்களாம், நீங்க அழுதுட்டீங்களாம். அம்மா இத எத்தனை தடவ சொல்லியிருக்காங்க!"

மழை உண்மை. ஜட்கா கிடைக்காததும் உண்மை. ரோட்டில் உட்கார்ந்தவள் ஷரபுன்னிசா. கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் ஹாஜிரா. அக்கா எதையும் அழிக்கவில்லை. ஆள்களை மட்டும் இடம் மாற்றி, தங்கைக்கும் அதில் ஓர் இடம் வைத்திருந்தாள்.

கமருவின் முகத்தில் அந்தக் கதையைச் சொன்ன பெருமை இன்னும் இருந்தது. ஷரபுன்னிசா அதைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "நல்ல மழை."

வண்டியைத் திருப்பினாள். ஸ்ரீரங்கத்தில் கமரு, "அம்மாவுக்குப் பூ வாங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினாள்.

ஹாஜிரா வாசலிலேயே இருந்தாள். பூவைக் கொடுத்துவிட்டுக் கமரு உள்ளே ஓடினாள். "என்ன பேசிக்கிட்டு வந்தீங்க?" என்று ஹாஜிரா கேட்டாள்.

"அவ பொறந்த அன்னிக்குப் பெஞ்ச மழையப் பத்தி."

ஹாஜிராவின் கை காரின் கதவைப் பற்றியது.

"நான் உன் கையப் புடிச்சிக்கிட்டு வந்தேன்ல, அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தா" என்றாள் ஷரபுன்னிசா.

ஹாஜிராவின் கண்கள் நிறைந்தன. "எறங்கி வா ஷரபு, சாப்பிடலாம்."

"வண்டிய விட்டுட்டு வரேங்க்கா."

மன்னார்புரத்தில் ஷெட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. வாசலில் பிச்சை நின்றுகொண்டிருந்தார். தூங்கப் போகவில்லை போலிருக்கிறது. வண்டியைக் கண்டதும் வழிகாட்டக் கையை நீட்டினார். வண்டியை விட்டால் அடுத்தது, மறுபடியும் 'பினாங்கு சின்னம்மா'வாகப் போய்ச் சாப்பிட உட்கார வேண்டும். ஷரபுன்னிசா திரும்பவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு, எங்கே போகிறதென்று தெரியாத அந்த ரோட்டில் நேராக ஓட்டிப் போனாள்.