காலடி படாத மணலில் கால் வைக்க இடமில்லை

சனிக்கிழமை அதிகாலை 4.10. மதுரை மாட்டுத்தாவணியில் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினேன். ஊர் சுற்றக் கிளம்பும்போது எனக்கு எப்போதும் ஒரு துள்ளல் இருக்கும், அன்று இல்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்குத் துள்ளல் எங்கிருந்து வரும்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உடன்குடிக்குக் கிழக்கே ஒரு கடலோரச் சிற்றூருக்குப் போய்வந்து பயணக் கட்டுரை எழுதினேன். அங்கே பார்த்த கடற்கரையை ‘காலடி படாத வெண்மணல்’ என்று வருணித்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்த வரி அது. இப்போது அந்த வரி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வழவழப்பான விளம்பரத் தாளில், நான் எடுத்த புகைப்படத்துக்குக் கீழே, அச்சாகியிருக்கிறது. ஊராட்சிக்குச் சொந்தமான அந்தப் பதினோரு ஏக்கரை வாங்கிச் சொகுசு விடுதி கட்டப் போகிறார்களாம். இடம் சும்மாதான் கிடக்கிறது என்பதற்கு என் படமும் என் வரியும் சாட்சி. என்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. எழுதியது நான் என்பதும் உண்மை.

அந்தத் தாளைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பியவர் ஜெசிந்தா. அந்த ஊரின் வார்டு உறுப்பினர். மீன் காயப்போட்டு விற்பவர். சென்ற முறை எனக்குச் சோறு போட்டவர். சற்று நேரத்தில் அவரே அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"சனிக்கிழம இதுக்குன்னே கிராம சபை வச்சிருக்காவ அண்ணாச்சி. நீங்க வந்து உள்ளதச் சொல்லணும். மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சாப்பாட்டு அழைப்புதான் கூச வைத்தது. ஊரின் பெயரை இந்த முறை எழுதப் போவதில்லை. பட்டது போதும்.

7.00. தூத்துக்குடி. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்துவிட்டேன். நாலு இட்லி, ஒரு வடை, காபி: 75 ரூபாய். சாம்பார் இன்னும் கொஞ்சம் கேட்டபோது முகம் சுளிக்காமல் வாளியோடு வந்து ஊற்றிய மனிதருக்கு நன்றி. அங்கிருந்து திருச்செந்தூர் பேருந்து. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையில் நின்றன. அதைத் தாண்டியதும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் உப்புக் குவியல்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாருகிறவர்கள். முதன்முறை வருகிற ஒருவர் மதிய வெயிலில், ஆட்கள் ஒதுங்கியிருக்கும் நேரத்தில் இந்தப் பாத்திகளைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்று யோசித்தேன். எனக்குத் தெரியும், என்ன எழுதுவார் என்று. தாமிரபரணிப் பாலமும் வாழைத் தோட்டங்களும் வந்தபோதுதான் மனம் கொஞ்சம் இளகியது.

9.15. திருச்செந்தூரில் பேருந்து மாறி உடன்குடி. இங்கிருந்து ஊருக்கு எட்டு கிலோமீட்டர். ஆட்டோ 180 ரூபாய். தேரி என்கிற செம்மணல் மேடுகளும் பனையுமாகப் போகிற பாதை. ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும். கூட்டத்துக்குப் போகிறேன் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அந்த எடத்த வாங்குத கம்பெனியா நீங்க?"

"இல்லைங்க. அதைத் தடுக்க வந்தவன்னு வச்சுக்கங்க."

"பாத்தா அப்படித் தெரியலியே" என்றார். கொஞ்ச தூரம் போனபின் அவரே தொடர்ந்தார். "ஓட்டல் வந்தா ஆட்டோவுக்கு நல்ல சவாரி கெடைக்கும்னு சொல்லுதாவ. வெளிநாட்டுக்காரன் வந்து எறங்கி எம் ஆட்டோலயா சார் ஏறப்போறான்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

9.40. இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு சிறிய லாரி. மேலே சாமியானாத் துணி, கம்புகள், முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். பக்கத்தில் பளபளக்கும் ஷூ போட்ட ஓர் இளைஞர். நிறுவனத்தின் பிரதிநிதி, சென்னைக்காரர். சமுதாயக் கூடம் சிறியது, விற்கப்போகிற இடத்திலேயே கூட்டத்தை வைத்தால் எல்லோரும் தாராளமாக உட்காரலாம், திட்டத்தையும் நேரில் காட்டலாம் என்று யோசனை சொன்னது அவர்தான். ஊராட்சியும் சரி என்றுவிட்டது.

லாரிக்காரர் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நட இடம் தேடிக்கொண்டிருந்தார். இடம் இல்லை.

பதினோரு ஏக்கரும் நெத்திலி. பழைய வலைகளை விரித்து, அதன்மேல் வெள்ளி வெள்ளியாக மீனைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் குனிந்து மீனைப் பிரித்துவிடுகிறார்கள், காக்கை விரட்டுகிறார்கள், உப்புத் தண்ணீர் வாளியோடு நடக்கிறார்கள். விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒற்றைக் கால் வைக்கிற அளவுக்குத்தான் வழி. கடல் வரைக்கும் இப்படியே. ‘காலடி படாத’ என்று எழுதிய ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஜெசிந்தா கை முழுக்கச் செதிலோடு வந்தார். "வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டியளா?"

இது என்ன என்று கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தான. நீங்க போன தடவ வந்தது சப்பரத்துக்கு மொத நாளு. மாதா இந்த வழியாத்தான வருவாவ? கருவாட்டு நாத்தத்தோடயா நிப்போம்? மூணு நாளா வாரியலப் போட்டுப் பெருக்குனோம். வலைய எல்லாம் அள்ளி வீட்டுக்குள்ள போட்டோம். வருசத்துல அந்த நாலு நாளுதான் இந்த மணலு கண்ணுக்குத் தெரியும்."

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "எங்க மேலயும் தப்பு இருக்கு. சுத்தமா இருக்கு பாருங்க, படம் எடுங்கன்னு பெருமயா ஒங்களக் கூட்டியாந்து நிறுத்துனது நாங்கதான."

என் தவறில் பாதியை நான் கேட்காமலேயே அவர் தூக்கிக்கொண்டார்.

இளைஞர் வந்து பணிவாகத்தான் கேட்டார். "மேடம், இந்த மீனை ஒரு ரெண்டு மணி நேரம் எடுத்து வச்சிரலாமா?"

"வெயில ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கியளா சார்? எடுத்து வச்சிருதோம்."

10.30. ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தை நடத்த அதிகாரி வந்து இறங்கினார். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்னம்மா இது? இங்க எங்க உக்கார்றது?"

"அதத்தான் சார் நாங்களும் கேக்கோம்" என்றார் ஜெசிந்தா.

சிரிப்பு மணலெல்லாம் பரவியது. கடைசியில் ஓரத்துப் பனைகளுக்குக் கீழே எல்லோரும் நின்றுகொண்டே கிராம சபை நடந்தது. பெண்கள் மீனைவிட்டு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்கள்.

எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எழுதினால் மறுபடியும் பொய்யெழுதியவன் ஆவேன். ரொசாரியோ என்ற முதியவர் குரலை உயர்த்தினார். "எம் மவன் எட்டு வருசமா துபாய்ல கெடக்கான். இங்கன ஒரு ஓட்டல் வந்தா வீட்டோட இருந்து வேல பாப்பான். அத ஏன் கெடுக்கிய?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா பொறுத்துத்தான் பதில் சொன்னார். "ஒங்க மவன் வரணும்னு எனக்கும் ஆசதான் அண்ணாச்சி. அவனுக்கு ஒரு வேல கெடைக்கும். சரி. இந்தா குனிஞ்சி நிக்காவளே இம்புட்டுப் பேரு, இவுக மீன எங்கன கொண்டு காயப்போட? ரோட்டுலயா?"

என் முறை வந்தது. "நீங்க இந்த ஊர் இல்லையே?" என்றார் அதிகாரி. "அந்தத் தாள்ல உள்ளத எழுதுனவரு இவருதான்" என்று ஜெசிந்தா சொன்னதும் இரண்டு நிமிடம் கொடுத்தார். அரை நிமிடம் போதுமாக இருந்தது. திருவிழாவுக்காகத் துடைத்து வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, விசாரிக்காமல் எழுதினேன், அந்த வரி தவறு, அதற்காக இந்த ஊரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். நடுக்களத்திலிருந்து ஒரு பெண் கத்தினார்:

"அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்ப ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீரே, அந்தக் கருவாடு எங்கன காஞ்சிச்சின்னு கேட்டீரா?"

கேட்கவில்லை. வெட்கத்தோடு நானும் சிரித்தேன்.

இடத்தை விற்பதில்லை என்று தீர்மானம். அதிகாரி எழுதும்போது ஜெசிந்தா எட்டிப் பார்த்தார். "காலி எடம்னு எழுதாதிய சார். மீன் காயப்போடுத களம்னு எழுதுங்க." அவர் அடித்துவிட்டு அப்படியே எழுதினார். ரொசாரியோ எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. போய் மனைவியோடு நெத்திலியைப் புரட்டிப் போட ஆரம்பித்தார்.

இளைஞர் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "மறுபடி வருவோம் மேடம்" என்றார். அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. நிலத்துக்கு வந்த ஆசை ஒரு கூட்டத்தோடு போய்விடாது.

"வாங்க சார். திருவிழாவுக்கு வராதிய. சாதா நாள்ல வாங்க" என்றார் ஜெசிந்தா.

1.15. சொன்னபடி சாப்பாடு. இந்த முறை ஒவ்வொன்றும் எங்கே காய்ந்தது, யார் காயப்போட்டது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். தட்டில் மூன்றாம் முறை குழம்பு விழுந்தது. எத்தனையோ ஊர்களில் விருந்தாளியாக இருந்திருக்கிறேன். கெடுதல் செய்துவிட்டுப் போன இடத்தில் இப்படி விருந்தாளியாக இருந்ததில்லை. அந்த வீட்டுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன்.

4.30. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் பேருந்து. மடியில் ஜெசிந்தா கட்டிக் கொடுத்த ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு. எட்டயபுரம் தாண்டுவதற்குள் பேருந்து முழுக்க வாசனை. நடத்துநர் வந்து நின்றார். இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"எந்த ஊருச் சரக்கு சார் இது? அள்ளுதே!"

உங்களிடம் மறைத்த அந்த ஊர்ப் பெயரை அவரிடம் சத்தமாகச் சொன்னேன். அங்கே நிலம் கிடைக்காது, கருவாடு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்றும் சொன்னேன்.