ரோசிக்காகக் கழுவிய நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நடையைத் தேய்த்துக் கழுவியது நான்தான். வேறு யார் தலையிலாவது இதைக் கட்டலாமா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருவரும் அகப்படவில்லை.

என் பேர் மரியபுஷ்பம். நான் சொல்ல வந்தது பக்கத்து அறை ரோசியைப் பற்றி. உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலக்காட்டுக்கு நடுவில், எட்டு அறைகள் ஒரே வரிசையாக உள்ள லயம் எங்களுடையது. நாலாவது அறையில் அவள், ஐந்தாவதில் நான். இருபத்தாறு வருடம். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது வைது தீர்த்தால் அவள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். போதும், வாயை மூடு என்று அர்த்தம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு வாயே கிடையாது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ஏசுதாசுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தவள். முப்பத்தெட்டு வருடம் காய் எடுத்தாள். ஏலக்காய் எடுப்பது ஏதோ உட்கார்ந்து செய்கிற சுக வேலை என்று கீழே இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செடியடியில் குந்தி, சேற்றில் நகர்ந்து நகர்ந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துச் செய்கிற வேலை அது. எடை கூட்டுவதற்காக நாங்களெல்லாம் அவ்வப்போது பிஞ்சையும் சேர்த்துப் பறித்துப் போட்டிருக்கிறோம். ரோசி போட்டதில்லை. கங்காணி அவள் கூடையைக் கிளறிப் பார்க்காமலே விட்டுவிடுவார்.

பதினோரு வருடத்துக்கு முன் ஏசுதாஸ் போய்ச் சேர்ந்தார். மகன் ஜின்சனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "வந்துரும்மா" என்று வாராவாரம் போன் போடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏசுதாஸ் கல்லறையில் கால் மணி நேரம் நிற்காவிட்டால் அவளுக்கு அந்த வாரமே தொடங்காது. "அவுகள இங்க விட்டுட்டு அங்க போயி நான் என்னத்தட்டி செய்ய?" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

லயம் முன்பு எஸ்டேட்டுக்குச் சொந்தம். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றபோது லயத்தை ஜோஜோ வாங்கினான். கட்டப்பனையில் கடை வைத்திருப்பவன், வயது நாற்பதுக்குள் இருக்கும். அறைகளுக்கு முன்னால் மூன்றடி அகலத்தில் ஒரு சிமெண்டு நடை ஓடுகிறது. ஒரு கோடியில் குழாயும் கக்கூசும். மறுகோடியில் ரோட்டுக்கு இறங்கும் இருபத்திரண்டு படி. எட்டு வீட்டுக்கும் போக்குவரத்து இந்த நடை ஒன்றுதான். கூரைத் தகரத்துத் தண்ணீர் முழுக்க இதன்மேல்தான் கொட்டும். தண்ணீரைப் பிடித்து ஓரமாக விட ஒரு தகரப் பாத்தி வேண்டும், பிடித்து நடக்க ஒரு கம்பி வேண்டும் என்று நாலு மழைக்காலமாக அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஜூன் பிறந்தால் சிமெண்டு கறுத்து, பச்சை ஏறி, வெண்டைக்காய் நறுக்கிய பலகை மாதிரி ஆகிவிடும்.

"சேச்சி, ஞான் வாடகைக்குத் தந்தது ரூமு," என்பான் ஜோஜோ. "ரூமு ஒழுகினா சொல்லு, அன்னைக்கே ஆள விடும். நடை எல்லாருக்கும் உள்ளதல்லே? எல்லாரும் நடக்குது, எல்லாரும் நோக்கணும்."

"எல்லாருக்கும் உள்ளதுன்னா பத்திரத்துல எங்க பேரும் இருக்கா? நடை இல்லாம ரூமுக்கு நாங்க என்ன, பறந்தா போறோம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டான். கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. சிரிக்கிறவனிடம் சண்டை போடுவது கஷ்டம், அவ்வளவுதான்.

போன வருடம் ஜூன் கடைசியில் ஒரு காலை, குழாய்க்குப் போன ரோசி விழுந்தாள். அவள் கத்தவில்லை. குடம் உருண்ட சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். கொட்டுகிற மழையில் மல்லாந்து கிடந்துகொண்டு, "குடம் நெளிஞ்சிருச்சா பாரு" என்கிறாள் பாவி. இடுப்பெலும்பு போய்விட்டது. தேனிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, பதினைந்து நாள் கழித்து வாக்கரோடு கொண்டுவந்து விட்டார்கள். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். எங்கே நடப்பது? பத்துக்குப் பத்து அறையில் கட்டிலைச் சுற்றியா?

அதைவிடப் பெரிய பாடு கக்கூஸ். அவள் வாசலிலிருந்து இருபது தப்படி. இருபதும் பாசி. அதனால் கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரு வாளி. காலையும் மாலையும் நான் எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிக் கொண்டுவந்து வைப்பேன். எனக்கு அதில் ஒரு அருவருப்பும் இல்லை, சத்தியமாக. அவளுக்குத்தான். நான் வாளியைத் தூக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சோற்றைக் குறைத்தாள். தண்ணீரைக் குறைத்தாள். "ஏட்டி, தண்ணியக் குடி, செத்துத் தொலையப் போற" என்று கத்துவேன்.

ஒரு நாள் அவளே வாய் திறந்தாள். "புஷ்பம், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த இருவது தப்படி என் கால்ல போயிட்டு வந்துட்டேன்னா நான் இங்கனயே கெடந்துருவேன். இல்லன்னா ஜின்சன்ட்டதான் போகணும். உன்னப் போட்டு எத்தன நாளைக்கு..." முடிக்கவில்லை, அழுதாள். ஏசுதாஸ் அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இனிச் சும்மா இருப்பேனா? கடைசி அறை ரிஞ்சுவுக்கு மலையாளத்தில் மனு எழுதத் தெரியும். ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். பஞ்சாயத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓவர்சியர் வந்து பார்த்து, நடை ஆபத்தாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் ஜோஜோவுக்கு நோட்டீஸ் போகும், அவன் செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள். ஆகஸ்டு நாலாம் தேதி, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ரோசியிடம் சொன்னதும் அன்றைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கூடக் குடித்தாள்.

அதற்கு முந்தின வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அன்று ஃபாதர் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார். ரோசியின் அறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. நற்கருணை வருகிற வழி எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டவர் வருகிற பாதையில் பாசியா? வியாழக்கிழமை மழை கொஞ்சம் வெறித்ததும் பிளீச்சிங் பவுடரும் கம்பித் துடைப்பமுமாக நான் இறங்கினேன். என்னைப் பார்த்து எட்டு அறையும் இறங்கியது. ஆண்கள் கூரை ஓரமாகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். பாட்டு வேறு. பொழுது சாய்வதற்குள் சிமெண்டு பளிச்சென்று வெளுத்துவிட்டது. அதன் நிறம் என்ன என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளி காலை ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு வரிசையாக நின்றோம். ரோசி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ரிஞ்சு போனில் படமெடுத்துக் கோயில் வாட்ஸப் குரூப்பில் போட்டாள்.

திங்கட்கிழமை ஓவர்சியர் வந்தார். கூடவே ஜோஜோவும் வந்தான். ஓவர்சியர் செருப்புக் காலால் நடையைத் தேய்த்துப் பார்த்தார். குனிந்து விரலாலும் தடவினார். "அம்மே, எங்க வீட்டு முற்றம்கூட இவ்வளவு சுத்தமா இல்லையே," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட கடவுளே!

"சார், இது வெள்ளிக்கிழமைக்காக நாங்க கழுவுனது சார். அதுக்கு முந்தி நீங்க பாத்திருக்கணும்."

"முந்தி உள்ள போட்டோ இருக்கோ?"

எட்டு அறையிலும் போன் இருக்கிறது. ஞானஸ்நானம் இருக்கிறது, பிறந்தநாள் கேக் இருக்கிறது. பாசியை எவள் படமெடுத்து வைத்துக்கொள்வாள்? இருந்த ஒரே படம், வெளுத்த நடையில் நாங்கள் மெழுகுவர்த்தியோடு நின்ற படம். அதை யாரோ ஜோஜோவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எடுத்து ஓவர்சியரிடம் நீட்டினான். "கண்டோ சாரே? எத்ர நல்லா வச்சிருக்குது! நான் இதல்லே எப்பவும் சொல்லுறது? எல்லாரும் சேர்ந்தா போதும்," என்றான். சிரித்தான்.

ஓவர்சியர் நல்ல மனிதர். ரோசியின் அறைக்குள் எட்டிப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "கண்ணால காணாதத நான் எழுத முடியாது அம்மே. இனியும் வழுக்கலானா விளிங்க. நான் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நான் வாளியைத் தூக்கியபோது ரோசி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. "விடுட்டி, நீ வேணும்னா செஞ்ச?" என்றாள். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இனியும் வழுக்கலானால்! அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். பாசிதானே வேண்டும்? துடைப்பத்தை ஒளித்தேன். தார்ப்பாயை அவிழ்த்தேன். நடையை யாரும் தொடக் கூடாது என்று எட்டு அறைக்கும் உத்தரவு போட்டேன். பொழுதுக்கும் கஞ்சித் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். மழையும் கைகொடுத்தது. விடிந்ததும் முதல் வேலை, எங்கே எவ்வளவு பச்சை ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. ஏலச்செடியை இந்தக் கவனத்தில் ஒரு நாளாவது பார்த்திருந்தால் நானே கங்காணி ஆகியிருப்பேன். "வெளிய என்னத்தட்டி செய்ற?" என்று உள்ளேயிருந்து ரோசி கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன்.

ஒரு மாதத்தில் நடை பழையபடி ஆனது. ஓவர்சியரைக் கூப்பிட்டேன். நாளைக்கே வருகிறேன் என்றார். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ரிஞ்சு வழுக்கினாள்.

இடுப்பில் பிள்ளை. சரியாக ரோசியின் வாசலுக்கு நேரே. ஒரு கால் பறந்து, கை எப்படியோ கதவு நிலையில் மாட்டி, தொங்கி நின்றுவிட்டாள். பிள்ளையின் தலை சிமெண்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அது வீறிட்டு அழுதது. ரோசி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். ரிஞ்சு அழுதுகொண்டே போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தொடப்பத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"ரோசி, நாளைக்கு ஓவர்சியர் வாராரு. ஒரே ஒரு நாளு பொறு."

"அந்தப் புள்ள மண்ட ஒடஞ்சிருந்தா எனக்குக் காலு வந்துருமா?"

"சரி, ஒரு போட்டோவாவது எடுத்துக்கிடுதேன். அப்புறம் கழுவுதேன்."

"எதுக்கு? நீ ஊத்தி வளத்தத, ஜோஜோ போட்டு வச்சதுன்னு காட்டவா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு மாசமா கஞ்சித்தண்ணி வாட அடிக்கி." குரலை உயர்த்தவே இல்லை. "கழுவு புஷ்பம்."

கழுவினேன். கத்திக்கொண்டே கழுவினேன். ஜோஜோவை வைதேன், பஞ்சாயத்தை வைதேன், மழையை வைதேன், கடைசியில் அவளையும் வைதேன். அவள் சுவரைத் தட்டவில்லை. ஓவர்சியரை வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஜின்சனுக்கு அவளே போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொன்னாள்.

ஓடிப்போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். "போகாதட்டி. நான் சாகுற வரைக்கும் உன் வாளியத் தூக்குதேன்."

"நீ மொதல்ல செத்துட்டா?" என்றாள்.

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. வாளியை எடுப்பேன், வைப்பேன், முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுவேன். இருபத்தாறு வருடத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு நாள். அதையும் இப்படிப் பாழாக்கினேன். புத்தி கெட்ட கழுதை நான்.

சனிக்கிழமை ஜின்சன் காரோடு வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படியிறக்க நாலு பேர் தயாராக நின்றார்கள். மழை இல்லை. நடை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. "படி வரைக்கும் நானே வாரேன்," என்றாள் ரோசி. ஜின்சன் வேண்டாம் என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாக்கரை முன்னே வைத்து, ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வாக்கரை வைத்தாள். நான் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு போனேன். அவள்மேல் என் கை படவில்லை, படவேண்டிய தேவை வரவில்லை. கக்கூசுக்கும் இதே தூரம்தான். இந்தக் கோடிக்கு நடக்கிறவள் அந்தக் கோடிக்கும் நடந்திருப்பாள். படி வந்ததும் திரும்பி, "நடந்துட்டேன் பாத்தியா?" என்று சிரித்தாள். இரண்டு நாளாக மனசில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். "மாத்திர எல்லாம் எடுத்தாச்சா?" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். அங்கே கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதாம், யாரையும் கூப்பிடாமல் போய்வருகிறாளாம், தண்ணீர் நன்றாகக் குடிக்கிறாளாம். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்த நாள் நகராது. யாரையாவது வைதாலும் நடுவில் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

நாலாவது அறைக்குப் போன மாதம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் நடையைக் காட்டி மழைக்கு வழுக்குமா என்று ஜோஜோவிடம் கேட்டாள். "ஏய், பயப்படண்டா. இங்க ஒரு சேச்சி உண்டு. எல்லா வாரமும் தேச்சுக் கழுவும்," என்று என்னைக் கை காட்டினான். பாத்தியும் இன்னும் வரவில்லை, கம்பியும் வரவில்லை.

அவன் சொன்னது பொய் இல்லை. வாரம் தவறாமல் நான் கழுவுகிறேன், அவன் கழுவ வேண்டிய நடையை. அன்றைக்கு ஆண்டவருக்காகக் கழுவினேன், பிறகு ரோசி சொல்லிக் கழுவினேன். இப்போது பயத்தில் கழுவுகிறேன். நான் விழுந்தால் என் வாளியைத் தூக்க யாரும் இல்லை.