பெரியம்மாவுக்காகத் தின்ற சோறு

எனக்கு எட்டு வயதிருக்கும். கல்முனையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு எல்லோரும் வேனில் போயிருந்தோம். உம்மாவின் ராத்தாவான பெரியம்மாவும் வந்திருந்தார். பெரியப்பா மௌத்தான பிறகு சாய்ந்தமருதில் தன் வீட்டில் தனியாக இருந்தவர் அவர். அக்கரைப்பற்றில் கடை வைத்திருந்த அவருடைய மகன், எங்கள் காக்கா, தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிடாத மாதமில்லை. "எனக்கென்ன, கை கால் ஏலாமலா கிடக்கு?" என்று கேட்டே பெரியம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடற்கரையில் நின்று தன் மீனைத் தானே பேரம் பேசி வாங்குகிறவரிடம் யார்தான் வாதாடுவது?

கல்யாண வீட்டில் பாய் விரித்துச் சகன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். பெரியம்மா ஜன்னலோரமாக இடம் பிடித்து என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அதுதான் கடைசிப் பந்தி. மற்ற நால்வரும் தின்று முடித்துக் கை கழுவப் போனார்கள். நானும் எழும்பப் போனேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு மகள். இன்னும் கொஞ்சம் தின்னு."

வயிறு முட்டிவிட்டது என்றேன். அது அவர் காதில் விழவில்லை. பிள்ளைக்கு இன்னும் பசி தீரவில்லையாம் என்று சொல்லி, பரிமாறியவர்களிடம் மேலும் சோறு கேட்டு வாங்கினார். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணில் நீர் முட்ட முட்ட நான் தின்றேன்.

ஆட்கள் வெளியேறிய பிறகு, ஒரு கையை என் தோளிலும் மறு கையை ஜன்னல் கட்டையிலும் ஊன்றிப் பெரியம்மா எழும்பப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் தடவை ஒருவாறு எழும்பியபோது அவருடைய முழங்கால்கள் நெரிந்த சத்தம் எனக்கே கேட்டது. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லிராத" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகள் என் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்சத் தூரம் பொறுத்துக்கொண்டேன். பிறகு கத்திவிட்டேன்: "நான் ஒண்டும் பசிக்குத் திங்கல்ல. பெரியம்மாவுக்குத்தான் எழும்ப ஏலா!"

சிரிப்பு அப்படியே நின்றது. எவ்வளவு நாளாக இப்படி என்று உம்மா மெல்லக் கேட்டார். மழை நாளில் மட்டும் கொஞ்சம் என்றார் பெரியம்மா, ரோட்டைப் பார்த்தபடி.

மறுநாள் உம்மா அவர் வீட்டுக்குப் போனார். குசினி வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்ததாம். அதைப் பிடித்துப் பிடித்துத்தான் போய் வந்திருக்கிறார். மீனும் பல மாதமாகப் பக்கத்து வீட்டார் வாங்கிக் கொடுத்ததுதானாம்.

அந்த வெள்ளிக்கிழமையே காக்கா ஆட்டோவோடு வந்தார். வீட்டைப் பூட்டித் திறப்பை உம்மாவிடம் கொடுத்த பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். ஏசப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் என் தலையைத் தடவினார்.

"நீ பொய் சொல்லல்லயே மகள்" என்றார்.

காக்கா அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். இந்தத் தடவை பெரியம்மா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கொடுத்துவைத்த பெரியம்மா, இனிச் சமைக்க வேண்டியதில்லை, கூட்ட வேண்டியதில்லை, எல்லாம் இருந்த இடத்துக்கே வரும் என்று எண்ணிக்கொண்டு, ஆட்டோ சந்தி திரும்பும் வரைக்கும் சந்தோஷமாகக் கை காட்டிக்கொண்டு நின்றேன்.