ஆசாரியின் காலும் தலைக்குத் தண்ணீரும்

புதிதாக வார்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். காரைக்குடியில் எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெஸ்ஸிங் அறை ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் கட்டிய கட்டை இன்னொருவர் பிரித்துக் கட்டியது கிடையாது.

ஒக்கூர் கணேச ஆசாரி சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வந்தார். எலும்பைச் சேர்க்கப் பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடித்தது. சீழை எடுத்துச் சோதித்த கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்று வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் கழுவி, ஊசி போட்டு, புண் மூடியதும் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். சில வாரங்களில் அதே இடம் வீங்கி, காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டார். இன்னும் எலும்புக்குள் பரவினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டரம்மா.

அன்று முதல் எல்லோருக்கும் எல்லோர் மீதும் சந்தேகம். ஆசாரியின் மனைவி வள்ளி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, கை கழுவிட்டுத்தானே கட்டுப் போட்டீக?"

"உன் வீட்டுக்காரர் உளி பிடிக்கிறதுக்கு முன்னாலருந்து கட்டுப் போடுறேன். நீ மாத்திரை ஒழுங்காக் குடுத்தியா, அதைச் சொல்லு."

"ஒரு வேளைகூடத் தவறலை."

வெடுக்கென்று வந்த அந்தப் பதிலை நான் நம்பவில்லை. பேச்சை மாற்றி, கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

"தலைக்கு எப்பத் தண்ணி ஊத்துனீக?"

"புண்ணு மூடுன அந்தச் சனிக்கிழமையே. வேப்பிலை போட்டு, மஞ்சள் போட்டு, நல்லா ஊத்துனோம்."

"அதுக்கப்புறம் மாத்திரை?"

வள்ளி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆசாரிதான் சொன்னார்.

"தண்ணி ஊத்தியாச்சுன்னா நோய் போயிருச்சுன்னுதானே அர்த்தம்? அப்புறமும் மருந்து குடிச்சா, போனதை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுற மாதிரி இருக்குன்னு நிப்பாட்டிட்டோம்."

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆசாரியின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆசாரி, நம்ம உடம்பு செல் ஒவ்வொண்ணுக்கும் வெளியில கொக்கி மாதிரி இருக்கு. பக்கத்துல உள்ளதைப் பிடிச்சுக்கிறதுக்கு. இந்தக் கிருமி, நம்ம உடம்புல இருக்கிற பசையையே எடுத்து மேல ஒட்டிக்கிட்டு, அந்தக் கொக்கியில மாட்டிக்கிடும். செல்லும் நம்ம பொருள்தானேன்னு உள்ள இழுத்துக்கிடும்."

"கதவை உடைக்காதா?"

"எதுக்கு உடைக்கணும்? வீட்டுக்காரனே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான்ல? உள்ள போயிச் சத்தமில்லாமப் பதுங்கிக்கிடும். மாத்திரை அங்குட்டு லேசுல போய்ச் சேராது. வெளியில தோல் மூடி, ஆறுன மாதிரியே இருக்கும்."

ஆசாரி தன் காலைப் பார்த்தார். "அப்ப, திருடன் உள்ள இருக்கும்போதே வீட்டைக் கழுவிக் கோலம் போட்டுட்டோமா?"

வள்ளிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடியும் தியேட்டர், மறுபடியும் ஊசி, அதன் பிறகு வேறு மாத்திரைகள். வீட்டுக்குப் போகும்போது டாக்டரம்மா சொன்னார். "தாராளமாத் தண்ணி ஊத்துங்க. ஆனா நாளு நான்தான் குறிச்சுத் தருவேன்." கடைசி மாத்திரை முடிந்து, அவர் காலைப் பார்த்த பிறகுதான் அந்த நாள். நானும் விடவில்லை. தினமும் காலையில் வள்ளிக்குப் போன் போட்டேன்.

"போலீஸ்கூட இம்புட்டுக் கேக்காது பெரியம்மா."

"போலீஸுக்குக் கால் பத்திக் கவலையில்லை. முழுங்கியாச்சா?"

நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும். சீழ் வடியும் புண் பொய் சொல்லாது. மூடிக்கொண்டு சும்மா இருக்கும் புண்ணைத்தான் துருவ வேண்டும்.

டாக்டரம்மா குறித்த நாளுக்கு மறுநாள் ஆசாரி தன் காலால் நடந்து டிரெஸ்ஸிங் அறைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, தலையில் சீயக்காய் வாசம்.

"இப்பவாச்சும் நம்புறீகளா?"

கையைக் கழுவினேன். தழும்பின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். மற்றக் காலிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலக் குளிர்ந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் அவரை உட்காரச் சொன்னேன்.