சாமிமலை உச்சியும் பிரியாணி தேக்சாவும்

“ஏலகிரிக்குப் போறதுக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ பெரிய லிஸ்ட்டு? கார்ல ஏறுனா மலை, இறங்குனா வீடு. சும்மா பேஜார் பண்ற!”

சொன்னவர் என் கணவர், ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். குடும்பத்தை மலைக்கு அழைத்துப்போகத் திட்டம் போடுவது சம்பளமில்லாத உத்தியோகம். ராஜினாமா செய்தாலும் கடிதத்தை நாமேதான் வாங்கி வைக்க வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியதால் டைம்டேபிள் இல்லாமல் எனக்கு மூச்சு வராது. இத்தனை திட்டமும் எதற்கு? ஒரே ஒரு தடவை ஏலகிரியின் சாமிமலை உச்சிக்கு நடந்து ஏறி, கீழே எட்டிப்பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது வளைவு

முதல் தடவை, “வளைவு ஜாஸ்தி, வயிற்றைக் காலியாக வையுங்கள்” என்று லிஸ்ட்டில் முதல் வரியாகவே எழுதினேன். என் நாத்தனார் ஸ்டெல்லா, மேலே போய்ச் சாப்பிட நான் கட்டியிருந்த டப்பாவை வாணியம்பாடி தாண்டுவதற்குள் திறந்து ஆறு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. அப்புறம் ஐந்தாவதில், எட்டாவதில், பதினொன்றில். அவள் தலையைப் பிடித்தபடியே நான் மலையேறினேன். மேலே போனதும் மற்றவர்கள் உச்சிக்குக் கிளம்ப, நான் அவளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

“இட்லியில இன்னா போட்டீங்க அண்ணி?”

வலது கால்

அடுத்த தடவை என் கணவருக்குப் பாசம் பொங்கியது. “நடக்கறதுக்கு ஷூ நான் எடுத்தாறேன், நீ சும்மா வா” என்றார். கம்பெனி சாம்பிள் ரூமில் சொல்லி நாலு பெட்டி வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் டிக்கியில் போட்டார். மலையில் திறந்தால் நாலும் ஒரே அளவு. நாலும் வலது கால். மற்றவர்கள் போட்டு வந்த ஷூவோடு ஏறினார்கள். இவர் பேச்சை நம்பி வீட்டு ரப்பர் செருப்போடு வந்தவள் நான் ஒருத்திதான். கத்தினேன். அவர் அசரவில்லை.

“சாம்பிள்னா ஒத்தைக் கால்தான் அனுப்புவோம். வாங்குற பையர் ஒருத்தன்கூட இதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல!”

தொக்கு

மூன்றாவது தடவை ஷூ சரியாக இருந்தது, ஸ்டெல்லா வரவில்லை. ஆனால் பிரியாணி தேக்சாவுக்கு, அந்தப் பெரிய பாத்திரத்துக்கு, காவல் வேண்டுமே, குரங்குகள் இருக்கின்றன. வழக்கம்போல நான். எல்லோரும் கண்ணிலிருந்து மறைந்ததும், பாதை எப்படித்தான் இருக்கிறது என்று இருபது அடி ஏறிப் பார்த்தேன். திரும்புவதற்குள் கத்திரிக்காய் தொக்கு டப்பா மரத்தில் இருந்தது. உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த என் மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏம்மா, ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உன்னால உட்கார முடியாதா?”

நாலாவது திட்டம்

போன சனிக்கிழமை மூளையைக் கசக்கினேன். சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டால் காவல் எதற்கு? பதினொன்றரைக்கே பரிமாறினேன். தேக்சா காலி. நான் ஷூ கயிறு கட்டி நிமிர்ந்தபோது, என் கணவர், ஸ்டெல்லா, மகள் மூவரும் பாயில் நீட்டிப் படுத்திருந்தார்கள். சுற்றிலும் செல்போன், கார் சாவி, கைப்பைகள். மேலே கிளையில் குரங்குகள்.

மலைக்குத் திட்டம் போடுகிறவளுக்கு மலையில் பாய் விரித்த இடம் வரைக்கும்தான் அனுமதி போலிருக்கிறது.

“யாராவது ஒருத்தர் கண்ணைத் திறந்து வெச்சிருங்க, நான் மேல போய்ப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்” என்றேன்.

என் கணவரின் குறட்டை சட்டென்று நின்றது. கண் மட்டும் திறக்கவில்லை.